ஒரு வீட்டுமனையை இரண்டாகப் பிரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீட்டுக்குப் பின்னால் பாதி மனை சும்மா கிடக்கிறது. பிள்ளைகள் அங்கே விளையாடிய காலம் போய்விட்டது. இப்போது புல் வெட்டுவதற்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. "நடுவில் ஒரு கோடு போட்டுப் பின்பக்கத்தை விற்றுவிட்டால் என்ன?" என்ற யோசனை இப்படித்தான் கிளம்பும். யோசனையில் தப்பில்லை. ஆனால் கோடு போடுவது இந்த வேலையில் கடைசியை ஒட்டி வரும் படி. பலர் அதிலிருந்து தொடங்கி, சில மாதம் கழித்து அதை அழித்துவிட்டு வேறு இடத்தில் போடுகிறார்கள். ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் யாருக்காவது பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு துண்டு நிலம் கட்டுமனை ஆக வேண்டுமானால் அதற்கு ரோட்டிலிருந்து வழி வேண்டும், தண்ணீரும் மின்சாரமும் உள்ளே வர வேண்டும், கழிவுநீரும் மழைநீரும் வெளியே போக வேண்டும், விதிப்படி நான்கு பக்கமும் இடம் விட்ட பிறகு ஒரு வீடு கட்ட மிச்சம் இருக்க வேண்டும். இவை எல்லாம் பக்கத்து மனைக்காரரின் தயவு இல்லாமல் கிடைக்க வேண்டும். நீங்கள் இன்று நல்லவராக இருக்கலாம். அந்தத் துண்டு நாலு கை மாறிய பிறகு யார் இருப்பார்கள் என்று தெரியாது.

விதிகள் நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் மாறும். கேட்க வேண்டிய கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. கீழே உள்ள வரிசையிலேயே கேளுங்கள். வரிசை மாறினால்தான் செலவு ஏறும்.

படி 1: பிரிக்கத்தான் வேண்டுமா?

மகனோ மகளோ பின்னால் ஒரு வீடு கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றால், ஒரே மனையில் இரண்டாவது சிறு வீட்டுக்கு அனுமதி கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். பல நகரங்களில் அது மனைப்பிரிப்பை விடச் சுலபம். நிலத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டு வீடுகளுக்கு மட்டும் தனித்தனி உரிமை கொடுக்கும் முறையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1961-இல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தால் போதும் என்றால் அது எல்லைத் திருத்தம். புது மனை எதுவும் உருவாகாததால் நடைமுறையும் சின்னது.

குடும்பத்துக்குள் "முன்பக்கம் அண்ணனுக்கு, பின்பக்கம் தம்பிக்கு" என்று எழுதிக்கொள்வது வேறு, மனைப்பிரிப்பு வேறு. முதலாவது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று மட்டும் சொல்லும். அந்தப் பங்கில் வீடு கட்டலாமா என்று சொல்வது திட்ட அனுமதிதான். இந்த வித்தியாசம் தெரியாமல், பல வருடம் கழித்துத் தம்பி வீடு கட்டப் போகும்போது மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய.

படி 2: பத்திரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள்

உரிமைப் பத்திரம், வில்லங்க விவரம், பழைய மனை வரைபடம் மூன்றையும் எடுத்து வையுங்கள். நான்கு விஷயம் தேட வேண்டும். ஒன்று, அடமானம். கடன் கொடுத்தவருக்கு முழு மனையும் ஈடு. அவர் சம்மதம் இல்லாமல் ஒரு துண்டைக் கழற்ற முடியாது. மிஞ்சும் மனையின் மதிப்பு கடனுக்குப் போதும் என்று அவர் மதிப்பீடு செய்து பார்ப்பார், சில நேரம் கடனில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வார். இரண்டு, வழிப்பாத்தியம்: பக்கத்து வீட்டுக் குழாயோ மின் கம்பியோ உங்கள் நிலம் வழியாகப் போகும் உரிமை. அதன் மேல் கட்ட முடியாது. மூன்று, பழைய நிபந்தனைகள். "இந்த மனையில் ஒரு வீடு மட்டும்" என்று அந்தக் குடியிருப்பை முதலில் உருவாக்கியவர் எழுதி வைத்திருக்கலாம். நகராட்சி அனுமதித்தாலும், இந்த நிபந்தனையால் பயனடையும் அக்கம்பக்கத்தார் வழக்குப் போட முடியும். நான்கு, உரிமையாளர்கள். பத்திரத்தில் பெயர் இருக்கும் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரும், பேச்சுவார்த்தை இல்லாதவரும் இதில் சேர்த்தி.

படி 3: விதியில் இருக்கும் எண்கள்

உள்ளூர்த் திட்ட அலுவலகத்தில் உங்கள் மனை எந்த மண்டலத்தில் வருகிறது என்று கேட்டு, குறைந்தபட்சப் பரப்பு, குறைந்தபட்ச ரோட்டு முகப்பு, விடவேண்டிய இடைவெளிகள், மனையில் எத்தனை சதவீதம் கட்டலாம் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லோரும் பரப்பைத்தான் பார்ப்பார்கள். பெரும்பாலும் காலை வாருவது முகப்பு.

இந்த எண்கள் கல்லில் எழுதியவை கிடையாது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 1998-இல் தன் உள்வட்டச் சாலைக்குள் அடங்கும் பகுதியில் குறைந்தபட்ச மனை அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 வரை இறக்கியது. 2013-இல் அதையே நகரம் முழுக்க விரித்தது. கலிபோர்னியாவில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த எஸ்.பி. 9 சட்டம், ஒற்றைக் குடும்ப வீட்டு மண்டலத்திலும் ஒரு மனையை இரண்டாக்க வழி திறந்தது: ஒவ்வொரு துண்டும் குறைந்தது 1,200 சதுர அடி இருக்க வேண்டும், சின்னத் துண்டு மூல மனையில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதனால் "பத்து வருஷத்துக்கு முன்பு கேட்டோம், முடியாது என்றார்கள்" என்ற பழைய பதிலை நம்பி உட்கார வேண்டாம். மறுபடி கேளுங்கள்.

அப்புறம், விதியைப் படித்துவிட்டு நேரில் போய்ப் பேசுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய ஆலோசனை என்று பல அலுவலகங்கள் தனியாக நேரம் ஒதுக்குகின்றன. "இது முடியுமா?" என்று கேட்டால் "விண்ணப்பியுங்கள், பார்ப்போம்" என்பார்கள். "இதுபோன்ற விண்ணப்பம் எதற்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வரும்.

படி 4: சர்வே

வேலி இருக்கும் இடம்தான் எல்லை என்று நினைக்காதீர்கள். வேலி போட்டவர் மரத்தைச் சுற்றிப் போட்டிருப்பார், பாறையைத் தவிர்த்துப் போட்டிருப்பார். உரிமம் பெற்ற நில அளவையாளர் எல்லைக் கல்லையோ இரும்பு முளையையோ தேடி எடுத்து, அங்கிருந்து அளப்பார். ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபில் வந்த நாடுகளில், ஆவணமும் தரையும் முரண்பட்டால் எதை நம்புவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு: ஆறு, பாறை போன்ற இயற்கை அடையாளங்கள் முதலில், நட்ட கல் அடுத்து, பிறகு திசையும் நீளமும், பரப்பளவு எல்லாவற்றுக்கும் கடைசி. பத்திரத்தில் 900 சதுர மீட்டர் என்று இருப்பதால் தரையில் 900 இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. குறைந்தபட்ச அளவை ஒட்டி இருக்கும் மனையில் அந்தச் சில சதுர மீட்டர்தான் முடிவைத் தீர்மானிக்கும்.

சர்வேயரிடம் எல்லை மட்டும் போதும் என்று சொல்லாதீர்கள். தரையின் ஏற்ற இறக்கம், இருக்கும் கட்டடங்களின் மூலைகள், பெரிய மரங்கள், ரோட்டிலுள்ள கழிவுநீர்த் தொட்டி மூடிகளின் மட்டம், மின் கம்பம் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் கேளுங்கள். இரண்டாம் முறை வரவழைப்பதை விட இது மலிவு.

படி 5: முதலில் வீட்டை வரையுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ரோட்டை ஒட்டி 20 மீட்டர் அகலம், உள்நோக்கி 45 மீட்டர் ஆழம், ஆக 900 சதுர மீட்டர் மனை. குறைந்தபட்சப் பரப்பு 400 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மனைக்குத் தாராளமாக இருப்பது போலத் தெரிகிறது.

பக்கவாட்டில் பிரித்தால் ஆளுக்கு 10 மீட்டர் அகலம், 450 சதுர மீட்டர். ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மீட்டர் விட வேண்டுமானால் கட்ட மிஞ்சும் அகலம் 7 மீட்டர். ஒடுக்கமான வீடுதான், ஆனாலும் கட்டலாம். குறைந்தபட்ச முகப்பு 12 மீட்டர் என்று விதி சொன்னால் இந்த வழி அங்கேயே முடிந்தது.

முன்-பின்னாகப் பிரித்தால் பின் மனைக்கு ரோட்டிலிருந்து ஒரு நடைபாதை போலத் துண்டு நீண்டு போக வேண்டும். ஆஸ்திரேலியாவில் இந்த வடிவத்துக்குப் போர்க்கோடரி மனை என்று பெயர், அமெரிக்காவில் கொடி மனை. பிடி ஒல்லி, தலை அகலம். நம் உதாரணத்தில் 4 மீட்டர் அகலப் பிடி விட்டு, ரோட்டிலிருந்து 22 மீட்டரில் கோடு போட்டால் முன் மனை 16-க்கு 22, அதாவது 352. தோற்றுவிட்டது. கோட்டை 3 மீட்டர் பின்னால் தள்ளினால் முன் மனை 16-க்கு 25, சரியாக 400. பின் மனை 20-க்கு 20, அதுவும் 400. பிடி மட்டும் 100 சதுர மீட்டர். மொத்த நிலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வழிக்கே போய்விட்டது. பிடியின் பரப்பைப் பல விதிகள் மனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சர்வேயில் மனை அரை மீட்டர் குறைந்து வந்தால் இந்த ஏற்பாடும் உடையும். 900-க்கு இரண்டு மனை என்பது இப்போது அவ்வளவு தாராளமாகத் தெரியாது.

கோடு போடுவதற்கு முன்பே இரண்டு மனையிலும் ஒரு நடுத்தர வீட்டின் தரைப்படத்தை வைத்துப் பாருங்கள். கார் எங்கே நிற்கும், பின் மனையில் நுழைந்த கார் திரும்பி முன்முகமாக வெளியேற முடியுமா, பின் வீட்டு ஜன்னல் முன் வீட்டுப் படுக்கையறையை நேராகப் பார்க்கிறதா என்று பாருங்கள். ஒரு தாளை வெட்டி வீடு மாதிரி நகர்த்திப் பார்ப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், நான் இன்னமும் அப்படித்தான் செய்கிறேன்.

தீயணைப்பு வண்டியை மறந்துவிட வேண்டாம். இங்கிலாந்துக் கட்டட வழிகாட்டுதலில் வண்டி வரும் பாதைக்கு 3.7 மீட்டர் அகலம் வேண்டும், வீட்டின் எந்த மூலைக்கும் 45 மீட்டருக்குள் வண்டி வந்து நிற்க வேண்டும். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் தீ விதித்தொகுப்பில் அகலம் 20 அடி, தூரம் 150 அடி. தூரம் ஏறத்தாழ ஒன்றே, காரணம் குழாயின் நீளம். ஆழமான மனைகளில் பின் வீடு இந்த இடத்தில்தான் சிக்கும்.

படி 6: இருக்கும் வீடு திடீரென விதிமீறல் ஆகலாம்

உங்கள் வீடு ஒரு அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் அதன் பின் சுவரிலிருந்து 80 சென்டிமீட்டரில் புது எல்லை வந்துவிட்டது. இப்போது அந்தச் சுவர் எல்லைச் சுவர். ஆஸ்திரேலிய விதியில் எல்லையிலிருந்து 900 மில்லிமீட்டருக்குள் வரும் வெளிச்சுவருக்குத் தீத்தடுப்புத் தகுதி வேண்டும். அமெரிக்கக் குடியிருப்பு விதித்தொகுப்பில், தானியங்கி நீர்த்தெளிப்பு இல்லாத வீட்டில் 5 அடிக்குள் வரும் சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். 3 அடிக்குள் ஜன்னலே கூடாது. சமையலறை ஜன்னலை அடைக்க வேண்டி வந்தால் அந்த வீட்டின் மதிப்பு என்னவாகும்?

கட்டடப் பரப்பின் விகிதமும் மாறும். 200 சதுர மீட்டர் தரையை மூடிய வீடு 900 மனையில் 22 சதவீதம். அதே வீடு 400 மனையில் 50 சதவீதம். விதி 45 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது என்றால் ஏதாவது ஒரு பகுதியை இடித்தாக வேண்டும். பெரும்பாலும் அது கார் கொட்டகையாக இருக்கும். அதை இடித்தால் முன் வீட்டுக்கு வேறு கார் நிறுத்தம் காட்ட வேண்டும். வீடு மனையின் முழு அகலத்துக்கும் பரந்திருந்தால் 4 மீட்டர் பிடிக்கு இடமே கிடையாது. அப்போது கேள்வி நேரடியானது: பழைய வீட்டை இடித்து இரண்டு காலி மனை ஆக்குவதா, விட்டுவிடுவதா.

படி 7: மண்ணுக்கு அடியில்

மேலே எல்லாம் பொருந்தி, கீழே தோற்கும் மனைகள் உண்டு. கழிவுநீர் தானாகவே ஓட வேண்டும், அதற்குச் சரிவு வேண்டும். 60-க்கு 1 என்ற சரிவில் 40 மீட்டர் குழாய் போட்டால் 67 சென்டிமீட்டர் இறங்கும். தொடக்கத்தில் அரை மீட்டர் ஆழத்தில் புதைத்தால் ரோட்டுக்குப் போய்ச் சேரும்போது ஆழம் 1.17 மீட்டர். ரோட்டுக் குழாய் ஒன்றரை மீட்டரில் இருந்தால் கவலையில்லை. ஆனால் மனை பின்பக்கம் ஒரு மீட்டர் சரிந்திருந்தால்? குழாய் ரோட்டை அடையும்போது 2.17 மீட்டர் ஆழத்தில் இருக்கும், ரோட்டுக் குழாயோ அதற்கு மேலே. பம்பு வைக்க வேண்டும், அல்லது கீழ்ப்பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் குழாய் போட உரிமை கேட்க வேண்டும். இரண்டையும் ஏற்காத அலுவலகங்களும் உண்டு.

மழைநீருக்கும் இதே கதைதான். மண் குடித்த தண்ணீரை இனிக் கூரையும் கான்கிரீட்டும் தள்ளிவிடும். தேக்கிவைத்து மெதுவாக விடும் தொட்டியைப் பல ஊர்களில் கேட்பார்கள்.

பொதுச் சாக்கடை இல்லாத இடமானால் ஒவ்வொரு மனைக்கும் தனி செப்டிக் தொட்டி, கழிவுநீர் ஊறும் இடம், மண் உறிஞ்சும் சோதனை எல்லாம் வேண்டும். கிணறு இருந்தால் இன்னும் இறுகும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கிணற்றுக்கும் தொட்டிக்கும் 50 அடி, ஊறும் இடத்துக்கு 100 அடி என்று இடைவெளி கேட்கிறார்கள். அந்த வட்டங்களை வரைந்து பார்த்தால் அரை ஏக்கர்கூடச் சின்னதாகிவிடும்.

இன்னொன்று: பழைய வீட்டின் குழாய்கள் இப்போது எந்த வழியாகப் போகின்றன? ஒருமுறை எல்லா வரைபடமும் முடிந்த பிறகு, முன் வீட்டின் சாக்கடைக் குழாய் பின் மனையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு பின்தெருவுக்குப் போவது தெரிய வந்தது. புது வீடு வரவேண்டிய இடத்துக்கு நேர் கீழே. அது எந்தப் பழைய தாளிலும் இல்லை. அதிலிருந்து, கேமரா விட்டுக் குழாயைப் பார்க்காமல் நான் கோடு போடுவதில்லை.

படி 8: கணக்கு

மனையை இப்படியே விற்றால் 100 கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த பின் சின்ன மனையுடன் பழைய வீடு 78, காலி மனை 45, மொத்தம் 123. லாபம் 23 என்று மனசு சொல்லும். சர்வே, வரைபடம், விண்ணப்பக் கட்டணம், புது இணைப்புகள், வழித்தடம், வேலி, நகராட்சி கேட்கும் மேம்பாட்டுக் கட்டணம், வழக்கறிஞர், பதிவுச் செலவு, காத்திருக்கும் காலத்து வட்டி எல்லாம் சேர்ந்து 15 என்றால் மிஞ்சுவது 8. இதற்கு மேல் வரி. குடியிருக்கும் வீட்டை விற்றால் வரிச்சலுகை தரும் நாடுகளில், பிரித்து விற்கும் காலி மனைக்கு அந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம். எண்கள் என் கற்பனைதான், விகிதத்தை உங்கள் ஊர் விலையில் போட்டுப் பாருங்கள். பழைய வீட்டின் விலை எவ்வளவு இறங்கும் என்பதை மட்டும் குறைத்து எடை போடாதீர்கள். தோட்டம் போன வீட்டை வாங்குபவர் வேறு ஆள்.

படி 9: விண்ணப்பமும் நிபந்தனைகளும்

இப்போதுதான் கோடு. சர்வேயரும் திட்ட ஆலோசகரும் சேர்ந்து வரைபடம் தயாரிப்பார்கள், அலுவலகம் அதைக் குடிநீர், தீயணைப்பு, சாலைத் துறைகளுக்கு அனுப்பும், சில இடங்களில் அக்கம்பக்கத்தாருக்கும் அறிவிப்புப் போகும். அறிவிப்புக் கையில் கிடைப்பதற்கு முன்பே நீங்களே போய் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

முதலில் வருவது பெரும்பாலும் நிபந்தனை ஒப்புதல். "இதையெல்லாம் செய்துவிட்டு வாருங்கள், பிறகு இறுதி வரைபடத்தில் கையெழுத்திடுகிறோம்" என்று அர்த்தம். இதற்குக் காலக்கெடு உண்டு. கலிபோர்னியாவில் இப்படி நிபந்தனையோடு ஒப்புதல் பெறும் வரைபடத்துக்குத் தற்காலிக வரைபடம் என்று பெயர், அதன் தொடக்க ஆயுள் 24 மாதம். நிபந்தனைகளைக் கிடைத்த அன்றே பட்டியலிட்டு, எது யார் வேலை, எது மற்றொன்றுக்காகக் காத்திருக்கிறது என்று குறித்து வையுங்கள். மின்சார இணைப்பு போன்ற வெளி நிறுவன வேலைகள்தான் அதிக நாள் இழுக்கும், அவற்றுக்கு முதலில் எழுதுங்கள்.

படி 10: பதிவு

வேலைகள் முடிந்து சான்றுகள் சேர்ந்ததும், சர்வேயர் புது மூலைகளில் கல் நடுவார், இறுதி வரைபடம் பதிவாகும், இரண்டு மனைக்கும் தனி உரிமை பிறக்கும். அரசுப் பதிவேட்டில் இருப்பதே உரிமைக்கு ஆதாரம் என்பது டோரன்ஸ் முறை. 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய அந்த முறையைப் பின்பற்றும் இடங்களில் பழைய உரிமைச் சான்று ரத்தாகி, அதன் இடத்தில் புதிய சான்றுகள் வரும். பொதுவழி, குழாய் உரிமை எல்லாம் இந்த ஆவணத்திலேயே ஏறியிருக்க வேண்டும். பராமரிப்புச் செலவை யார் எவ்வளவு பகிர்வது என்பதும். வாய்ப்பேச்சு வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது.

பதிவுக்கு முன்பே வாங்க ஆள் வந்தால், உரிமை பிறந்த பிறகே விற்பனை முடியும், பிறக்காவிட்டால் முன்பணம் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சில இடங்களில் பதிவாகாத மனையை விற்பதே குற்றம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு சில்லறை வேலைகள்: சொத்து வரிக் கணக்கைப் பிரிப்பது, புது வீட்டு எண், பழைய வீட்டின் காப்பீட்டில் மனை அளவைத் திருத்துவது. குழிகளை மூடுவதற்கு முன் ஒவ்வொரு குழாயையும் எல்லைக் கல்லிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து, அளவு நாடாவும் தெரியும்படி படம் எடுத்து, ஒரு பிரதியை வாங்குபவரிடமும் கொடுத்துவிடுங்கள்.